நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பெண்கள்

எங்கள் மேனேஜர் சுந்தரராமன் சார் அந்தத் தாளை என் மேஜையில் வைத்தபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கோபம் கொஞ்சம் கழித்து வந்தது. ஆனால் வந்த கோபம் லேசில் போகிற ரகம் இல்லை.

"உங்க ஏரியா ரிசல்ட் பிரமாதம், சாந்தா. எழுபத்தெட்டு பர்சென்ட்! நானே எதிர்பார்க்கல," என்றார்.

தாளில் இருந்தது இதுதான். எங்கள் ஏரியாவில் ஒரு சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இனிமேல் பிரசவத்துக்குக் கட்டணம் வாங்கலாமா என்று ஏரியாப் பெண்களைக் கேட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பெண்கள், வாங்கலாம், சந்தோஷமாகக் கட்டுகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

சந்தோஷமாக! தக்காளி விலை எட்டணா ஏறினால் தள்ளுவண்டிக்காரனை நடுத்தெருவில் நிறுத்தி அவன் பரம்பரையையே இழுக்கிறவர்கள் எங்கள் தெருப் பெண்கள். அவர்களா சந்தோஷமாகக் கட்டப்போகிறார்கள்? கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். பெங்களூரில் எதைத் தொட்டாலும் சீர்திருத்தம் என்று பேசிக்கொண்டிருந்த காலம். கரண்ட், தண்ணீர், பஸ் எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். ஓசியில் கொடுப்பதால்தான் ஆஸ்பத்திரி கெட்டுப்போகிறது, கட்டணம் வாங்கினால் தரம் உயரும், ஜனங்களும் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று மேலே யாரோ முடிவு செய்துவிட்டார்கள். ஜனங்கள் விரும்புகிறார்கள் என்பதற்கு மட்டும் ஓர் அத்தாட்சி தேவைப்பட்டது. அந்த வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. நான் அங்கே ஃபீல்டு சூப்பர்வைசர். பற்பசை முதல் எலெக்‌ஷன் வரை வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்டு வருகிற பையன்களை மேய்ப்பது என் உத்தியோகம். இந்த சர்வே நடந்த வாரம் மட்டும் என்னைச் சந்தாபுராவுக்கு ஒரு சோப்பு சர்வேக்கு அனுப்பியிருந்தார்கள்.

பொதுநலத்துக்காக மட்டும் நான் குதிக்கவில்லை. என் ஓரகத்தி விஜிக்கு எட்டாம் மாதம், இரண்டாவது பிள்ளை. அவள் புருஷன் நரேஷ் வேலை பார்த்த பீன்யா ஃபேக்டரியை மழைக்காலத்திலேயே பூட்டிவிட்டார்கள். அவன் தினம் காலையில் குளித்துத் தலை வாரிக்கொண்டு வேலை தேடிப் போய், மத்தியானம் அதே தலையோடு திரும்பி வருகிறான். அந்த ஆஸ்பத்திரியை விட்டால் விஜிக்குப் போக்கிடம் கிடையாது. கட்டணம் வந்தால் முதல் அடி எங்கள் வீட்டுக்குத்தான்.

எங்கள் ஏரியாவுக்குப் போன முனிராஜைக் கூப்பிட்டேன்.

"ஏன்டா, பொம்பளைங்ககிட்டதானே கேட்டே?"

"கோட்டா பூரா பொம்பளைங்கதான் மேடம். ஒரே ஒரு ஆம்பள பேரு இருந்தா காட்டுங்க, பாக்கலாம்," என்றான்.

அவன் சொன்னதில் பொய்யே இல்லை என்பது சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தெரிந்தது.

என் மாமனார் அப்பாதுரை பெரிய ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஏரியா நலச் சங்கத்துக்குச் செயலாளர். அவர் உடம்புக்கு ஏதாவது வந்தால் கம்பெனி கார்டை நீட்டினால் போதும், நல்ல ஆஸ்பத்திரியில் ஏசி ரூம். அந்தக் கார்டில் மகனுக்கும் மருமகளுக்கும் இடம் இல்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நான் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"உங்க ஆபீஸ் பையன் போன வாரம் வந்திருந்தாம்மா, முனிராஜாம். நல்ல பையன். உக்கார வெச்சு, டீ குடுத்து, எல்லாத்தையும் சொல்லி அனுப்பிச்சேன்."

"நீங்க சொன்னீங்களா? அவன் விஜியைத்தானே கேக்கணும்?"

"அவளுக்கு என்னா தெரியும்? உள்ள டீ போட்டுக்கினு இருந்தா. நான் சொல்றேன், எழுதிக்கோப்பான்னேன். எழுதிக்கினான்."

அடக் கடவுளே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். எனக்கு ஏன் இது முன்னாலேயே தோன்றவில்லை? எங்கள் தெருவின் பழக்கமே அதுதானே. ரேஷன் கார்டுக்கு வரட்டும், வோட்டர் லிஸ்டுக்கு வரட்டும், கையில் அட்டையும் பேனாவுமாக ஒருவன் வாசலில் நின்றால் பெண்கள் அடுப்படிக்குள் போய்விடுவார்கள். ஆம்பளை வந்து நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வான். வீட்டில் ஆம்பளை இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஆம்பளை வந்து சொல்வான். பெயர் விஜி, வயது இருபத்தாறு, பெண் என்று எழுதிக்கொண்டு, என் மாமனாரின் கருத்துக்கு நேரே டிக் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் முனிராஜ். தெரு முழுக்க அப்படியே.

"என்னன்னு சொன்னீங்க?"

"காசு வாங்கட்டும்னேன். ஓசின்னா எவன் மதிக்கிறான்? நாலு காசு குடுத்தாத்தான் டாக்டரு மூஞ்சி குடுத்துப் பேசுவான்."

"உங்களுக்குக் கார்டு இருக்கு மாமா. விஜிக்கு யார் கட்டுவா? நரேஷா?"

"அதுக்கு ஏன்மா என்னப் புடிச்சிக்கிறே? அவன் கருத்துதானே கேட்டான், காசா கேட்டான்?"

"அந்த லேபர் வார்டுக்குள்ள ஒரு தடவையாச்சும் போயிருக்கீங்களா?"

"அங்கதான் ஆம்பளைய உள்ளயே விடமாட்டாங்களே!" என்றார் அந்த மனுஷர், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

விஜி கரண்டியோடு அடுப்படி நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பேசுகிறவள் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கும் சேர்த்து இந்த வீட்டில் நான்தான் பேசுகிறேன்.

மறுநாள் சுந்தரராமன் சார் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனேன்.

"சார், இது பொம்பளைங்க கருத்து இல்ல. புருஷன், மாமனார், பக்கத்து வீட்டுக்காரன் கருத்து."

அவர் பதறவே இல்லை. "குடும்பத்தோட கருத்துன்னு எடுத்துக்கலாமே," என்றார்.

"அப்ப குடும்பம்னு போடுங்க. பெண்கள்னு எதுக்குப் போட்டீங்க?"

"அவங்க பெண்கள்னுதானே கேட்டாங்க? சும்மா கிரிகிரி பண்ணாதீங்க சாந்தா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிக்கோங்க."

கொஞ்சம் அனுசரித்துப் போ என்கிற இந்தக் கன்னடத்தை இந்த ஊரில் கேட்டுக் கேட்டே எனக்குக் காது புளித்துப்போயிற்று. பஸ்ஸில் இடுப்பில் இடிக்கிறவனும் இதைத்தான் சொல்கிறான்.

"பெத்துக்கப்போறவங்க அட்ஜஸ்ட் பண்ண முடியாது சார். திரும்பக் கேக்கணும்," என்றேன். குரல் வெளியே இருந்த டைப்பிஸ்ட் வரைக்கும் போயிருக்கும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை ஹெல்த் ஆபீசர் டாக்டர் ஹெர்பர்ட்கிட்ட ஃபைனல் மீட்டிங். அதுக்குள்ள நீங்களே கேட்டுக் கொண்டுவாங்க. ஆனா ஒண்ணு. என்ன பதில் வந்தாலும் நான் அப்படியே போட்டுக் காட்டுவேன். அப்புறம் அழக் கூடாது."

"தாராளமாப் போடுங்க," என்றேன். அந்த வார்த்தைக்காகப் பிறகு என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

எங்கே கேட்பது? வீட்டுக்குப் போனால் மறுபடியும் நாற்காலியில் ஆம்பளை வந்து உட்காருவான். எங்கள் ஏரியாவில் ஆம்பளை எட்டிப் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான், குழாயடி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் தண்ணீர் வரும். தண்ணீர் பிடிக்கிற வேலை கேவலம் என்று நினைக்கிற ஜென்மங்கள் அந்த நேரத்தில் பக்கத்தில்கூட வரமாட்டார்கள். கேள்வித்தாள் கட்டோடு நான் அங்கே போய் நின்றேன்.

"சாந்தாக்கா, எங்க வூட்டுக்காரரு ஏற்கெனவே சொல்லிட்டாரே," என்றாள் ஜானகி. வரிசையில் குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் கையோடு நின்றாள். கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறவள், வாய்க்குப் பெயர் போனவள்.

"ஏன்டி, வலி அவருக்கா வரப்போவுது?"

குழாயடியே சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் தயங்கவில்லை. கட்டணம் வாங்கினால் கட்டுவாயா என்று கேட்டேன். வந்த பதில்களில் பாதியை எழுத முடியாது. ஆபீசர் பெண்டாட்டி முதலில் அங்கே வந்து பெறட்டும் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தன் புருஷனையே பிடித்துக்கொண்டாள். வீட்டில் கேஸ் வாங்கப் பணம் இல்லை என்கிறவன் வாசலில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுகிறேன் என்று சொன்னானா என்று ஆடினாள். எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு தேறும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். சுந்தரராமன் சார் மூக்கை நன்றாக உடைக்க வேண்டும் என்ற ஆசையில் இரண்டாவதாக ஒரு கேள்வியை நானே சேர்த்திருந்தேன்.

"காசு வாங்காம இப்படியே ஓசியா இருந்தா, அடுத்த பிரசவத்துக்கு அங்கதானே போவீங்க?"

ஜானகி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அங்கயா? என் எதிரிகூட அங்க போகக் கூடாதுக்கா."

"ஏன்டி?"

"ஏன்னு கேக்குறியே! வலியில கத்துனா நர்ஸுங்க தொடையிலேயே அறையுறாளுங்க. படுக்கும்போது இனிச்சுதா, இப்ப ஏன் கத்துறேன்னு கேக்குறாளுங்க. என் சின்னவன் பொறந்தப்ப கன்னத்துல வாங்குன அறையில கம்மலு எகிறிப்போச்சு. குனிஞ்சு தேட முடியுமா என்னால?"

யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவள் சொன்னாள், அதற்கடுத்தவள் சொன்னாள். எல்லாம் அதே கதைதான், அறைந்த இடம்தான் வேறு. ஒருத்தி கடைசிப் பிள்ளையை வீட்டிலேயே பெற்றுக்கொண்டாளாம், செத்தாலும் பரவாயில்லை என்று. கேள்வித்தாளில் போவேன், போகமாட்டேன் என்று இரண்டே கட்டம்தான் நான் போட்டிருந்தேன். போகமாட்டேன், போகமாட்டேன் என்று டிக் போட்டுப் போட்டு எனக்கு எரிச்சல் ஏறியது. அடிப்பாவிகளா, உங்களுக்காக நான் அங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், நீங்கள் இங்கே என் தலையில் மண்ணை வாரிப் போடுகிறீர்களே!

வரிசையில் விஜியும் இருந்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு குடத்தைத் தூக்கப் போனாள்.

"அறிவிருக்காடி உனக்கு? கீழ வை. நான் எடுத்துக்கினு வரேன்," என்று கத்திவிட்டு அவள் பேரிலும் ஒரு தாள் எழுதினேன். கட்டணம் கட்டமாட்டேன், ஓசி என்றால் போவேன். இரண்டு டிக். அவள் நின்று பார்த்தாள், பிறகு மெதுவாக வீட்டுக்கு நடந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். கட்டணம் கட்டமாட்டோம் என்று நூற்றுக்குத் தொண்ணூறு. ஓசியாக இருந்தாலும் போகமாட்டோம் என்று நூற்றுக்கு எண்பதுக்கு மேல். இந்த இரண்டாவதை மட்டும் விட்டுவிட்டால் என்ன? நானே சேர்த்த கேள்வி, நானே எடுத்துவிடுகிறேன், எவனுக்குத் தெரியப்போகிறது?

விஜி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"என் பேர்ல என்னக்கா எழுதினீங்க?"

"காசு கட்டமாட்டே, ஓசின்னா போவேன்னு."

"யாரு சொன்னா?"

"இதுக்கு வேற உன்னக் கேக்கணுமா? எனக்குத் தெரியாதா?"

"மாமாவும் இப்படித்தானே என்னக் கேக்காம எழுதச் சொன்னாரு," என்றாள்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "என்னையும் அவரையும் ஒண்ணா வெக்கிறியா? உனக்காக ஆபீஸ்ல கத்திக் கத்தி என் தொண்டை வறண்டு போச்சுடி!"

"நீங்க கத்தலன்னு நான் சொல்லலியே." கீரையைத் தள்ளி வைத்தாள். "மொதல் பாப்பா பொறந்தப்ப நீங்கதானே அங்க சோறு எடுத்துக்கினு வந்தீங்க. என் தொடையில அஞ்சு வெரலும் பதிஞ்சு கெடந்துச்சு. நான் ஒருக்களிச்சே படுத்திருந்தேன். ஏன்டி நேராப் படுக்கமாட்டேங்கிறேன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ரசம் சூடாக இருக்கிறது, சீக்கிரம் சாப்பிடு என்று அதட்டிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கோபத்தில் கேள்வித்தாளைத் தூக்கி அவள் முன்னால் போட்டேன்.

"இந்தா, நீயே போட்டுக்கோ!"

அவள் பேனாவை வாங்கி, நான் போட்ட இரண்டாவது டிக்கை அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் போட்டாள். "ரெண்டு கேள்வியும் போகணும்க்கா. நாளைக்கு நானும் வரேன்," என்றாள்.

ஹெர்பர்ட் சாரின் அறையில் வெள்ளைத் திரையும் புரொஜெக்டரும் தயாராக இருந்தன. பார்க்க அலுத்துப்போன மனுஷர், தமிழ் நன்றாகப் பேசுவார். நலச் சங்கத்தின் சார்பில் என் மாமனார் சலவைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விஜியைப் பார்த்ததும், "இவ எங்க இங்க?" என்றார். நான் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

சுந்தரராமன் சார் என் கணக்கை அப்படியே திரையில் போட்டார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார், அதை நான் மறுக்கமாட்டேன். போட்டுவிட்டுத் திரும்பினார்.

"சார், ரொம்பத் தெளிவா இருக்கு. ஓசியாக் குடுத்தாக்கூட ஜனங்க வரமாட்டேங்கிறாங்க. யாருக்கும் வேண்டாத லேபர் வார்ட எதுக்கு நடத்தணும்? மூடிடலாம். பில்டிங்க ஒரு டிரஸ்ட்கிட்டக் குடுத்தா லேப், ஸ்கேன்னு நல்லா நடத்துவாங்க. ஜனங்க விருப்பமும் அதுதான்."

போன வாரம் இதே ஆள், இந்த ஆஸ்பத்திரி என்றால் ஜனங்களுக்கு உயிர், பணம் கொடுத்துக்கூட வருவார்கள் என்று எழுதியவர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பதில் எதுவாக இருந்தாலும் ஓசிப் பிரசவத்தை ஒழிப்பதுதான் முடிவு என்றால் அப்புறம் எதற்குக் கேள்வி? பார்த்தாயாடி, உன் பேச்சைக் கேட்டதால் வந்த வினை என்று விஜியை முறைத்துவிட்டு எழுந்தேன்.

"நான் சொல்றேன் சார்," என்றேன்.

அதே நேரத்தில் முன்வரிசையில் என் மாமனாரும் எழுந்தார். "நான் சொல்றேன் சார். ஏரியாவப் பத்தி எனக்குத்தான்..."

"மாமா, அக்கா, ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் விஜி.

அவள் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் மாமனார் அப்படியே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நானும்தான்.

"நான் போகமாட்டேன்னுதான் போட்டேன் சார். மூடுங்கன்னு போடல," என்றாள். "எனக்கு அந்த ஆஸ்பத்திரிய விட்டா வேற எடம் இல்ல. ஆனா அங்க அடிக்கிறாங்க. அடிக்காம இருந்தா போறேன்."

ஹெர்பர்ட் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார் அடிச்சாங்கன்னு எழுதிக் குடும்மா. ஆக்‌ஷன் எடுக்கிறேன்."

"எழுதிக் குடுத்துட்டு அடுத்த மாசம் அதே சிஸ்டர் கையிலதானே சார் நான் படுக்கணும்?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "சரி, என்ன பண்ணணுங்கிறே?"

"கூட ஒரு பொம்பள நிக்கணும் சார், எங்க ஆளு. யாராச்சும் பாத்துக்கினு இருந்தா அடிக்கமாட்டாங்க."

"லேபர் வார்டுக்குள்ள வெளியாள விட ரூல்ஸ் இல்லையே," என்றார். பிறகு சுந்தரராமன் சார் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு சொல்றது உங்க ரிப்போர்ட்ல எங்க வருது?" என்று கேட்டார்.

"அதுக்குன்னு தனியாக் கட்டம் இல்ல சார். வேணும்னா 'மற்றவை'ல போட்டுக்கலாம்."

விஜியின் ஆயுசில் அவள் ஆபீசர் முன்னால் முதல்முறையாகப் பேசிய பேச்சு மற்றவையில் போயிற்று. முடிவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். திங்கட்கிழமை என்னை மறுபடியும் சந்தாபுரா சோப்புக்கே அனுப்பினார் சுந்தரராமன் சார். என் வாயைக் கட்ட அவருக்குத் தெரிந்த வழி அதுதான் போலிருக்கிறது.

அடுத்த மாத மீட்டிங்குக்கு முன்னாலேயே விஜிக்கு வலி எடுத்துவிட்டது. தண்ணீர் வருகிற நாள், காலை நேரம். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நரேஷ் ஆட்டோ பிடிக்க ஓடினான். விஜி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

"போறேன். ஆனா தனியாப் போகமாட்டேன்."

"நான்தான் வரேனேடி!"

"நீங்க மட்டும் இல்லக்கா. குழாயடியில சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். ஜானகி பாதி நிறைந்த குடத்தை அப்படியே விட்டுவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். தண்ணீர் வருகிற நேரத்தில் எங்கள் ஏரியாப் பெண்கள் குழாயை விட்டு வருவது சாதாரண விஷயம் இல்லை, செத்த வீட்டுக்குக்கூட இரண்டு குடம் பிடித்துவிட்டுத்தான் போவார்கள். நாங்கள் ஆட்டோவில் போய் இறங்குவதற்குள் அவர்கள் குறுக்குச் சந்து வழியாக வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள்.

லேபர் வார்டு வாசலில் நர்ஸம்மா வழியை மறித்தாள். பெருத்த உடம்பு, கட்டைக் குரல். "ஏய், யாரம்மா நீவெல்லா? ஹொரகே ஹோகி! எல்லாம் வெளிய போங்க!"

"போகமாட்டோம். இவ பெத்து முடிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்போம்," என்றாள் ஜானகி.

"டாக்டர் ஹெர்பர்ட்டுக்கு ஃபோன் பண்ணுவேன்!"

"பண்ணுங்க தாயீ. அவருக்கு எங்கள நல்லாத் தெரியும். அவரு ரிப்போர்ட்ல மற்றவைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது நாங்கதான்," என்றேன் நான்.

அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஃபோன் பண்ணவும் இல்லை. விஜி வலியில் சுருண்டாள். நர்ஸம்மா அவளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு, "யாராவது ஒருத்தி மட்டும் உள்ள வாங்க," என்றாள்.

நான் முன்னால் காலை வைத்தேன்.

"ஜானகிக்கா வரட்டும்," என்றாள் விஜி.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை சண்டை போட்டவள் நான். ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு ஒதுங்கி நின்றேன். ஜானகி உள்ளே போனாள். நாங்கள் கதவைச் சாத்தவிடவில்லை, பாதி திறந்த கதவில் தலைகளாக நின்றோம். உள்ளே விஜி கட்டிடமே இடிகிற மாதிரி கத்தினாள். நர்ஸம்மாவின் வலது கை பழக்கத்தில் மேலே போனது, நான் என் கண்ணால் பார்த்தேன். ஜானகி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை மேலேயே கொஞ்சம் நின்று, பிறகு இறங்கிப் பக்கத்து மேஜையிலிருந்த பஞ்சை எடுத்தது.

பையன் பிறந்தான். மத்தியானம் மாமனார் ஃப்ளாஸ்க்கில் காபியோடு வந்தார். ஆம்பளையை உள்ளே விடமாட்டார்களே, வார்டு வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லாக் கவனிச்சாங்களாம்மா?"

சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தேன். கட்டிலில் விஜி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு, அவள் முகம் அவருக்குத் தெரியும்படி கொஞ்சம் நகர்ந்து நின்றேன்.

"அவளையே கேளுங்க மாமா," என்றேன்.

அவர் தயங்கினார். மருமகளை நேராக ஒரு கேள்வி கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னாம்மா, எப்படிப் பாத்துக்கினாங்க?" என்றார்.

விஜி அவசரப்படவில்லை. பிள்ளையின் தலையைச் சரியாக முழங்கையில் வைத்துக்கொண்டு மல்லாந்து நேராகப் படுத்தாள்.

"அடிக்கல," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கோங்கக்கா."